அடோபிக் டெர்மடைடிஸை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை இல்லையா? டாக்டர்களுக்கே ஒத்த கருத்து கிடையாதா?

ஒரு டாக்டர் அடோபிக் டெர்மடைடிஸ் என்றும் இன்னொருவர் வெறும் அலர்ஜி என்றும் சொல்ல, நீங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு குழம்பி நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. கைக்குழந்தையிலிருந்தே அடோபிக் டெர்மடைடிஸ் எனும் இந்தக் கரப்பானோடு, அதாவது அரிப்போடு திரும்பத் திரும்ப வரும் தோல் தடிப்போடு வளரும் ஒரு பெண்ணின் அம்மா.

இதுதான் நோய் என்று காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. தோலைப் பார்த்து, நடந்ததைக் கேட்டுத்தான் சொல்வார்கள். அதற்காக ஆளுக்கொன்று சொல்லலாம் என்று ஆகாது. 1980-லேயே ஹனிஃபின், ராஜ்கா என்ற இரண்டு மருத்துவர்கள் முக்கிய அடையாளங்கள் நான்கைச் சொன்னார்கள்: அரிப்பு, வயதுக்கேற்ற இடங்களில் வரும் தடிப்பு, அடங்கி அடங்கித் திரும்ப வருவது, தனக்கோ குடும்பத்திலோ ஆஸ்துமா போன்ற ஒவ்வாமை. இவற்றில் மூன்றும், நீண்ட துணைப் பட்டியலிலிருந்து மூன்றும் இருக்க வேண்டும். 1994-ல் பிரிட்டன் நிபுணர் குழு ஒன்று அதைச் சுருக்கியது. அதன்படி அரிப்பு கட்டாயம். கூடவே முழங்கை, முழங்கால் போன்ற தோல் மடிப்புகளில் வந்து போன வரலாறு, இப்போது மடிப்பில் தெரியும் தடிப்பு, உடல் முழுக்க வறட்சி, ஆஸ்துமா அல்லது ஒவ்வாமை மூக்கடைப்பு, 2 வயதுக்குள் தொடங்கியது ஆகியவற்றில் குறைந்தது மூன்று வேண்டும்.

இதெல்லாம் தெரியாமல் நாங்கள் பட்டது அதிகம். முதலில் பார்த்தவர் என் மகளின் சட்டையைக்கூட விலக்கவில்லை. "சிவப்பே இல்லையே" என்றார். மாநிறத் தோலில் இது பழுப்பாகவோ, சாம்பல் நிறமாகவோ, ஊதா கலந்தோதான் பல சமயம் தெரியும். ரிப்போர்ட்டில் முட்டை, பால், கோதுமை மூன்றும் பாசிட்டிவ் என்று சொல்லி எல்லாவற்றையும் நிறுத்தினார். குழந்தை மெலிந்தாள், அரிப்பு மட்டும் குறையவில்லை. உணவு ஒவ்வாமையே பொய் என்கிறாயா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சில குழந்தைகளுக்கு அது உண்மையாகவே இருக்கிறது. ஆனால் ஒவ்வாமைக்காக ரத்தத்தில் பார்க்கும் ஐஜிஈ (IgE) பாசிட்டிவ் என்பதாலேயே அந்த உணவுதான் தடிப்பை உண்டாக்குகிறது என்று ஆகிவிடாது. நோய் இருந்தும் ஐஜிஈ சாதாரணமாக இருப்பவர்களும் உண்டு.

பிறகு போன தோல் மருத்துவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டார். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தார். ராத்திரி தூங்குகிறாளா, வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது, சின்ன வயதில் டயப்பர் கட்டும் இடத்தில் வந்ததா என்று கேட்டார். அந்த இடம் பெரும்பாலும் தப்பிவிடுமாம். என் கணவருக்கு ஆஸ்துமா என்றதும் குறித்துக்கொண்டார்.

அப்புறம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்துமா அப்பா வழி. ஆனாலும் "நீ என்ன சாப்பிட்டுப் பால் கொடுத்தாய்?" என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள், படித்தவர்கள் உட்பட. அவரை ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரி அரித்தால் ஸ்கேபீஸ் எனும் சொறியா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சொறி, சோரியாசிஸ், ஏதோ பட்டதால் வரும் ஒவ்வாமைத் தடிப்பு ஆகியவை இல்லை என்று ஆன பிறகுதான் இந்தப் பெயரை வைக்க வேண்டும். இரண்டு டாக்டர்களிடமும் எந்த அடையாளங்களை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேளுங்கள். தடிப்பு அதிகமாக இருக்கும் நாளில் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் போகும் நாளில் தோல் அடங்கிப்போய் இருக்கலாம்.