ரணில் நின்ற தேர்தல்கள்: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

வவுனியாவில் எங்கள் வாசிகசாலையில் நடந்த கேள்வி பதில் இது. இலங்கையின் முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவின் தேர்தல் வரலாறுதான் பேச்சு. பல தேர்தல்களில் கடமைக்குப் போனவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள்.

செட்டிகுளம், உயர்தர மாணவி: ஐயா, ஜனாதிபதித் தேர்தலில் அவர் ஒருக்காலும் வெல்லவில்லையோ?

ஓம் பிள்ளை. மூன்று தரம் நின்றார், மூன்றிலும் தோல்வி. 1999இல் சந்திரிகாவிடம், 2005இல் மகிந்தவிடம். 2024இல் 17.27 வீதத்தோடு மூன்றாம் இடம். இடையில் 2022 யூலை 20இல் அவரை ஜனாதிபதியாக்கியது பாராளுமன்றம். பதவி இடைநடுவில் வெற்றிடமானால் மிச்சக் காலத்துக்கு எம்.பி.மார் இரகசியமாக வாக்களித்து ஒருவரைத் தெரிவு செய்வார்கள். ரணிலுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. 1993இல் விஜேதுங்கவும் இந்த வழியால்தான் வந்தார், ஆனால் அவருக்குப் போட்டி இருக்கவில்லை.

மல்லாவி, விவசாயி: 2005இல் நாங்கள் வோட்டுப் போட்டிருந்தால் வென்றிருப்பாரோ அண்ணை?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. கணக்கைப் பாருங்கோ. மகிந்தவுக்கு 48,87,152. ரணிலுக்கு 47,06,366. வித்தியாசம் 1,80,786. யாழ் தேர்தல் மாவட்டத்தில் பதிவான வாக்காளர் ஏழு லட்சம் பேர், வாக்களித்தது 1.21 வீதம். புலிகளின் புறக்கணிப்புத்தான் காரணம். வன்னி மாவட்டத்தில் மூன்றிலொரு பங்குதான் போட்டது, அதில் முக்கால்வாசிக்கு மேல் ரணிலுக்கு.

இன்னொரு கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. முதல் எண்ணிக்கையிலேயே வெல்வதற்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். மகிந்த 50 வீதத்தைத் தாண்டியது ஏறத்தாழ 28,600 வாக்குகளால். இன்னுமொரு 57,000 பேரளவில் வேறு யாருக்காவது போட்டிருந்தாலே அவர் 50க்குக் கீழே இறங்கி, இரண்டாம் விருப்பு வாக்கை, அதாவது வாக்காளர் அடுத்த தெரிவாகக் குறித்த வாக்கை, எண்ண வேண்டி வந்திருக்கும். அந்த எண்ணிக்கை இந்த நாட்டில் முதன்முதலாக நடந்ததே 2024இல்தான்.

புலிகளின் பகுதியிலிருந்து வருபவர்களுக்கு எல்லைக்கு இப்பால், அரச கட்டுப்பாட்டுப் பகுதியில் வாக்களிப்பு நிலையம் போட்டிருந்தார்கள். வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்த அந்த நாள் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. வழமைபோல வாக்களிப்பு நடந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பதுதான் என் கணிப்பு. 2002 பெப்ரவரியில் புலிகளோடு போர்நிறுத்த ஒப்பந்தம் போட்டு, ஏ9 வீதி திறந்தது அவர் பிரதமராக இருந்தபோது. அந்த வீதியால் போய்வந்த சனத்துக்கு அவரை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் உரிமையாவது இருந்திருக்க வேண்டும்.

கிளிநொச்சி, ஆசிரியை: நாங்களும் வன்னிதானே சேர், வன்னி முடிவில் எங்கள் வாக்கு ஏன் வருவதில்லை?

நிர்வாகத்தில் கிளிநொச்சி தனி மாவட்டம். தேர்தலுக்கு அது யாழ் தேர்தல் மாவட்டத்துக்குள் வரும். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மட்டும்தான்.

மன்னார், கடை வைத்திருப்பவர்: 2020இல் தோத்த ஆள் எப்படிப் பாராளுமன்றம் போனவர்?

தேசியப் பட்டியலால், அதாவது நாடு முழுக்க எடுத்த வாக்குக்கு ஏற்பக் கட்சிக்குக் கிடைக்கும் நியமன இடத்தால். 2015இல் கொழும்பில் 5,00,566 விருப்பு வாக்கு (கட்சி வேட்பாளர்களுக்குள் அவருக்கென்று போட்டது) எடுத்தவர். ஐந்து வருடத்தில் அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) உடைந்து, சஜித் பிரேமதாசவோடு பெரும்பகுதி போய்விட்டது. நாடு முழுக்க ஐ.தே.க.வுக்கு 2,49,435 வாக்கு. தெரிவான உறுப்பினர் ஒருவரும் இல்லை. கிடைத்த ஒரேயொரு தேசியப் பட்டியல் இடத்தில் 2021 யூனில்தான் அவர் போய் இருந்தார். அந்த ஒற்றைக் கதிரையிலிருந்து பதின்மூன்று மாதத்தில் ஜனாதிபதி!

புதுக்குடியிருப்பு, இளைஞர்: முதல் தேர்தல் எது?

1977, பியகம. ஐ.தே.க. 168இல் 140 இடம் எடுத்த ஆண்டு தம்பி. எங்கள் பக்கம் அந்த அலை வரவில்லை. வவுனியா, முல்லைத்தீவு, மன்னார், கிளிநொச்சி நான்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு.

நெடுங்கேணி, ஓய்வுபெற்ற தபாலதிபர்: 2024இல் வன்னி என்ன சொன்னது?

சஜித் முதலாவது. சிலிண்டர் சின்னத்தில் நின்ற ரணில் இரண்டாவது. சங்குச் சின்னத்தில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் அடுத்து. வென்ற அநுர இங்கே நாலாவது.