பாலைப் பற்றிய கவலையை விடுங்கள், அப்பாவின் தூக்கத்தைப் பாருங்கள்

பட்டர்வொர்த் வாசகிக்கு: கடிதம் கிடைத்த அன்றே, அப்பாவை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொல்லித் தகவல் அனுப்பிவிட்டேன். ஏன் அந்த அவசரம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

நுரையீரல் புற்றுநோய் உள்ளவருக்குக் இரத்தத்தில் கால்சியம் கூடி, லிட்டருக்கு 3.1 மில்லிமோல் என்று வந்ததும், தே தாரிக் என்னும் பால் தேநீரையும் நெத்திலியையும் நிறுத்திவிட்டீர்கள். பாவம், அவருக்கு இருந்த ஆசையே அதுதான். திருப்பிக் கொடுங்கள், அவருக்குக் கால்சியம் ஏறியது சாப்பாட்டால் அல்ல. எலும்பு பலப்படட்டும் என்று அத்தை வாங்கி வந்த கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளைத்தான் தூக்கிப் போட வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் அதை யார் ஆரம்பிக்கச் சொன்னது?

எலும்புக்குப் பரவிவிட்டதா என்பதைக் கடைசி வரியில் ஒளித்து வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோனைப் போலவே வேடமிட்ட ஒரு புரதத்தைச் சில கட்டிகள் இரத்தத்தில் விடும். நுரையீரலில் வரும் செதிள் செல் புற்றுநோய் இதில் கைதேர்ந்தது. எலும்பு ஏமாந்து கால்சியத்தை அவிழ்த்துவிடும்; சிறுநீரகமோ அதை வெளியேற்றாமல் பிடித்து வைக்கும். புற்றுநோயால் கால்சியம் ஏறுபவர்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தினருக்கு இதுதான் காரணம். எலும்பில் ஒரு புள்ளிகூட இல்லாமலும் இது நடக்கும். புற்றுச் செல்கள் எலும்பிலேயே குடியேறி அரிப்பதும் உண்டு. ஸ்கேன்தான் அதைச் சொல்லும். ஆனாலும் இதை நல்ல செய்தி என்று சொல்லமாட்டேன். இப்படிக் கால்சியத்தை ஏற்றும் நோய் பெரும்பாலும் முற்றிய நிலையில்தான் இருக்கும்.

என்னை உலுக்கியது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி: பகலெல்லாம் தூங்குகிறார், எழுப்பினால் உங்களையே அத்தை பெயர் சொல்லி அழைக்கிறார். கீமோ களைப்பு என்று இணையத்தில் படித்தீர்களாம். இரவில் ஐந்து முறை சிறுநீர் கழிக்க எழுவதைச் சர்க்கரை என்றும், நான்கு நாள் மலச்சிக்கலை வலி மாத்திரை என்றும் தனித்தனியே கணக்குத் தீர்த்துவிட்டீர்கள். மூன்றுக்கும் ஒரே கால்சியம் காரணமாக இருக்கலாம். கால்சியம் கூடினால் சிறுநீரகத்தால் நீரைத் தக்கவைக்க முடியாது, உடல் வறளும், வறண்ட உடலில் கால்சியம் இன்னும் ஏறும். புற்றுநோய் உள்ளவருக்குத் தாகம், மலச்சிக்கலோடு மந்தமும் குழப்பமும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த வாரச் சந்திப்புக்காகக் காத்திருப்பது ஆபத்து.

அங்கே முதலில் உப்புநீர் ஏற்றுவார்கள். சோலெட்ரோனிக் அமிலம் என்ற ஊசிமருந்து எலும்பிலிருந்து கால்சியம் கசிவதைத் தடுக்கும். ஆனால் அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு நாள் பிடிக்கும். அதுவரை தாங்க, சில மணி நேரத்தில் பலன் தரும் கால்சிடோனினும் கொடுப்பதுண்டு. இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவாக இருந்தால் உண்மையான கால்சியம் அறிக்கையில் உள்ளதைவிட அதிகமாக இருக்கும். திருத்திய அளவு என்ன என்று கேளுங்கள். அவருடைய மாத்திரைகள் அத்தனையையும் பையோடு எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்குத் தரும் தையசைடு வகை நீர் மாத்திரையும் கால்சியத்தை ஏற்றும்.