வாசனைச் செடி புதுச் சிற்றினமா? வடசென்னை நீர்நிலைகளிலிருந்து சில கேள்விகள்

ரெட்டேரி: ஏரிக்கரைச் சேற்றில் ஒரு சிறு செடி. கசக்கினால் எலுமிச்சையும் சீரகமும் கலந்த வாசனை. எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. புதுச் சிற்றினமாக இருக்குமா, ஐயா?

வாசனை நல்ல தொடக்கம்தான், ஆனால் அதை மட்டும் வைத்துச் சிற்றினத்தைச் சொல்ல முடியாது. ஒரே சிற்றினத்தில் இடத்துக்கு இடம் எண்ணெயின் சேர்மானம் மாறும். முதலில் பேரினத்தைப் பிடியுங்கள். இலையை வெளிச்சத்துக்கு எதிரே வைத்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஊசி குத்தினாற்போல எண்ணெய்ப் புள்ளிகள், இரண்டு உதடுள்ள குழல் பூ, இரண்டு நெட்டையும் இரண்டு குட்டையுமாக நான்கு மகரந்தத்தாள், வெடிக்கும் கனி, உள்ளே ஏராளமான விதை இருந்தால் அது லிம்னோஃபிலா என்ற பேரினம். நெருக்கமான கதிராகப் பூத்து, மகரந்தத்தாள் காம்பில் தாடிபோல் மயிரும், கனிக்குப் பதில் நான்கு சிறுகொட்டையும் இருந்தால் துளசிக் குடும்பத்துப் போகோஸ்டெமான். உருண்டைப் பூத்தலையும் தண்டில் சிறகுபோன்ற விளிம்பும் இருந்தால் நம் கொட்டைக்கரந்தை. தடித்த சிறு இலை, கசக்கினாலும் வாசனை இல்லை என்றால் நீர்ப்பிரம்மி.

கொளத்தூர்: தண்ணீருக்குள் இலை நூல்நூலாக இருக்கிறது. பக்கத்திலேயே மேட்டில் அகன்ற, பல்விளிம்பு இலை. இரண்டு வேறு செடிகளா, அண்ணா?

பெரும்பாலும் ஒரே செடிதான். புதுச் சிற்றினம் என்று தவறாக அறிவிக்க வழிவைக்கும் முதல் பொறி இதுதான், தம்பி. ஒரே தண்டிலிருந்து 10 செ.மீ. துண்டுகள் நான்கு வெட்டுங்கள். இரண்டை 30 செ.மீ. ஆழத் தொட்டியில் மூழ்கவிடுங்கள், இரண்டை ஈரக் களிமண் தொட்டியில் நடுங்கள். பழைய இலை மாறாது, புதிதாக வரும் கணுக்களை மட்டும் பாருங்கள். இரண்டு இலை வடிவமும் ஒரே தண்டின் துண்டுகளில் வந்தால் விஷயம் முடிந்தது.

இரண்டாவது பொறி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கொளத்தூர் மீன் கடைகளில் அம்புலியா என்று விற்பது லிம்னோஃபிலா செசிலிஃப்ளோரா. தொட்டியைக் கழுவி வாய்க்காலில் கொட்டினால் ஒரு கணு போதும், ஏரியில் பிடித்துக்கொள்ளும். அதனால் நகர ஏரியில் புதிதாக எது தென்பட்டாலும் கடைச்செடிகளோடு முதலில் ஒப்பிடுங்கள்.

மாதவரம்: எவற்றை அளக்க வேண்டும்?

இலையில் நேரத்தைச் செலவிடாதீர்கள், பூவுக்குப் போங்கள். லிம்னோஃபிலாவில் சிற்றினங்களைப் பிரிப்பவை முக்கியமாக இவை: பூவுக்குக் காம்பு உண்டா, எவ்வளவு நீளம், புல்லிவட்டத்தின் அடியில் இரண்டு பூக்காம்புச்செதில் உண்டா, கனி முற்றியபின் புல்லிவட்டத்தில் இணைக்கோடுகள் எழுகின்றனவா. லிம்னோஃபிலா இண்டிகாவுக்குக் காம்பும் செதிலும் தெளிவாக இருக்கும். செசிலிஃப்ளோராவில் காம்பு இருக்காது அல்லது மிகக் குட்டை, செதிலும் அப்படித்தான்.

இணைக்கோட்டில்தான் பலர் வழுக்குகிறார்கள். பூத்த நிலையில் அது தெரியாது. பழுப்பேறிய கனியுள்ள செடி கையில் இல்லாமல் விவரணை எழுதவே கூடாது. குறைந்தது 10 செடி, செடிக்கு 3 பூ, எல்லாம் பச்சையாக இருக்கும்போதே அளந்து, சிறியதும் பெரியதும் குறியுங்கள். பூ நிறம், வாசனை இரண்டும் காய்ந்தால் போய்விடும், களத்திலேயே எழுதிவிடுங்கள். சில பூக்களை 70% ஆல்கஹால் 90 மி.லி., ஃபார்மலின் 5 மி.லி., அசிட்டிக் அமிலம் 5 மி.லி. கலவையில் போடுங்கள். காற்றோட்டமான இடம், கையுறை கட்டாயம்.

தேடப் பருவம் தை, மாசி. வடகிழக்கு மழை ஓய்ந்து கரை வெளியே தெரியும்.

மணலி: அழுத்திய செடி கறுத்து, இலையெல்லாம் ஒட்டிக்கொள்கிறது.

தாளில் வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றிச் செடியை மிதக்கவிட்டு, அடியில் கெட்டித்தாளை நுழைத்து, தூரிகையால் இலைகளை விரித்தபடி ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள். மேலே மெல்லிய பருத்தித் துணி, பிறகு செய்தித்தாள், பிறகு அழுத்தி. கறுப்பதற்குக் காரணம் ஈரம் தங்குவதுதான். முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்றுங்கள், துணியை எடுக்க வேண்டாம். காய்ந்ததும் பாலித்தீன் பையில் கட்டி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் பூச்சி சாகும், பாதரச உப்பு வேண்டாம். ஒட்டும் தாள் 42 × 28 செ.மீ.

டிஎன்ஏ இல்லாமல் முடியாதா?

முடியும். பெயர் செல்லுபடியாக டிஎன்ஏ கட்டாயமில்லை. ஆனால் இளம் இலைத் துண்டுகளைச் சிலிக்கா ஜெல்லில் காயவைத்துவிடுங்கள். இலையின் எடையைப்போல் பத்து மடங்கு ஜெல், நிறம் மாறினால் புதுசு.

எண்ணூர்: எல்லாம் பொருந்தி, புதிதுதான் என்றால் எப்படி அறிவிப்பது, ஐயா?

“புதிது” என்று முடிவெடுக்குமுன் பேரினத்தின் எல்லா வகைமாதிரிகளோடும் (ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரமாக வைத்த செடிகள்) ஒப்பிட வேண்டும். லிம்னோஃபிலாவுக்கு 1970இல் பில்காக்ஸ் செய்த திருத்தாய்வுதான் அடிப்படை. அதன்பின் வந்த பெயர்களையும் சேருங்கள். கோவையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளின் காப்பகம்) தாள்களை நேரில் பாருங்கள். கைபேசிப் படத்தில் பூக்காம்புச்செதில் தெரியாது.

பிறகு ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப் (புதுப் பெயருக்கு ஆதாரமான முதன்மை மாதிரி) என்று குறித்து, அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். விவரணையோ வேறுபாட்டுக் குறிப்போ லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும், 2012 ஜனவரி 1 முதல் இதுதான் விதி. தமிழில் கூடவே எழுதுங்கள், அவசியம் எழுதுங்கள். தமிழ் மட்டும் இருந்தால் பெயர் செல்லாது. ஐஎஸ்எஸ்என் உள்ள இதழின் பிடிஎஃப் போதும். 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, புதுச் சிற்றினத்தை, அரசு இதற்கென அறிவித்த களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியும் ஒப்படைக்க வேண்டும்.

வியட்நாமில் லிம்னோஃபிலாவைப் புளிப்பு சூப்பில் போடுகிறார்களாமே, மணலிக் குட்டையில் பறித்துச் சமைக்கலாமா?

அங்கே போடுவது லிம்னோஃபிலா அரோமாட்டிகா, சுத்தமான நீரில் வளர்த்தது. மணலி, எண்ணூர் குட்டைகளில் ஆலைக் கழிவும் சாம்பலும் சேர்கின்றன. நீர்ச்செடி உலோகங்களை இழுத்து வைத்துக்கொள்ளும். தாளில் ஒட்டுங்கள், சட்டியில் போடாதீர்கள்.