பக்கம் 143-க்குப் போக முடியாத பாடநூல்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். செயற்கை நுண்ணறிவுப் பொறியியலில்தான் சேர்க்க வேண்டும் என்று அவளுடைய தாய்மாமா பிடிவாதமாக நிற்கிறார். வீட்டை அடமானம் வைத்தாவது சேர்த்துவிடுங்கள் என்கிறார் சித்தப்பா. அவளோ வாயே திறப்பதில்லை. "பார்வையில்லாத தோழிக்குப் பாடத்தையெல்லாம் டைப் பண்ணிக் கொடுத்தே பொழுதைப் போக்கிட்டா" என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நாலு ஆறுதல் வார்த்தை சொல்லி அனுப்பிவிட எனக்கு மனமில்லை. அந்தப் படிப்பில் அவளைச் சேர்க்காதீர்கள். மாமாவும் சித்தப்பாவும் சொல்லும் காரணங்களில் ஒன்றுகூட அவளைப் பற்றியது இல்லை. எல்லாரும் சேர்கிறார்கள், பெயருக்கு மதிப்பு இருக்கிறது, கல்யாணத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்பவை சொந்தக்காரர்களின் ஆசைகள். நாலு வருஷம் உட்கார்ந்து படிக்கப்போவதும், கடனைச் சுமக்கப்போவதும் அவள். ஒரு படிப்பு பிடிக்குமா என்றுகூடத் தெரியாமல் அதற்காக வீட்டை அடமானம் வைப்பதை நான் எந்தக் குடும்பத்துக்கும் பரிந்துரைத்ததில்லை. உங்களுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வழக்கமான மாற்றுப் படிப்புகளைப் பட்டியல் போட்டு உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும். பொழுதுபோக்கு என்று நீங்கள் ஒதுக்கிய வேலையைப் பற்றித்தான் பேச வேண்டும், ஏனென்றால் அது ஒரு தொழில். மாற்றுத்திறனாளி மாணவர்கள் தாங்களாகவே பயன்படுத்தக்கூடிய மின்பாடநூல்களை உருவாக்கும் தொழில்.

வகுப்பில் ஆசிரியர் "143-ஆம் பக்கத்தைத் திறங்கள்" என்கிறார். மற்ற பிள்ளைகள் புரட்டிவிடுகிறார்கள். பார்வையில்லாத மாணவியிடம் இருப்பது ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதில் இருப்பவை எழுத்துகளின் படங்கள், எழுத்துகள் அல்ல. திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளான அவளுடைய ஸ்கிரீன் ரீடர் வாயே திறக்காது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளில் போட்டு எடுத்தாலும், இரண்டு பத்தியாக அச்சான பக்கத்தில் இடப்பக்க வரியையும் வலப்பக்க வரியையும் மாற்றி மாற்றி வாசித்துக் குழப்பக்கூடும். 143-ஆம் பக்கம் எங்கே தொடங்குகிறது என்று அதற்கும் தெரியாது.

அதே பாடத்தை ஈபப் என்ற மின்னூல் வடிவத்தில் முறையாகச் செய்தால் நிலைமையே வேறு. அத்தியாயத் தலைப்பு முதல் நிலை, உட்தலைப்பு இரண்டாம் நிலை என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இடுவார்கள். வெறுமனே எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்குத்தான் அது தலைப்பு. முறையாக அடையாளமிட்ட நூலில், என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், 2 என்ற எண்ணை அழுத்தினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்கும் போய்விடலாம். அச்சு நூலின் பக்க எண்களையும் ஈபப் கோப்புக்குள் பக்கப் பட்டியலாகப் பதிய முடியும். அப்புறம் ஆசிரியர் 143 என்றதும் அந்த மாணவியும் மற்றவர்களோடு சேர்ந்தே அங்கே போய்விடுவாள். இந்த ஒரு வசதியைச் செய்யாமல் விட்ட பாடநூல்கள் ஏராளம். அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கணக்குப் பாடம் இன்னும் நுட்பமானது. சமன்பாட்டைப் படமாக ஒட்டிவிட்டால் 'படம்' என்று மட்டும் கேட்கும். வெறும் எழுத்தாக இட்டால் 'ஏ கூட்டல் பி வகுத்தல் சி' என்று வாசிக்கும். சி-யால் வகுபடுவது பி மட்டுமா, ஏ-யும் பி-யும் சேர்ந்தா? கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. மேத்எம்எல் என்ற குறிமொழியில் எழுதினால் பின்னம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது வரை தெளிவாகும். மாணவர் சமன்பாட்டுக்குள்ளேயே நுழைந்து பகுதி பகுதியாகக் கேட்கலாம்.

உங்கள் மகளுக்கு என்று நான் கருதும் இடம் பட விளக்கம். இதயத்தின் படம் ஒன்று பாடத்தில் இருக்கிறது. அதை விளக்கும்போது எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு ரத்தம் போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். அதே படம் பயிற்சிப் பகுதியில் 'குறியிட்ட பகுதி எது?' என்ற கேள்வியோடு வந்தால், விளக்கத்தில் விடையைச் சொல்லிவிடக் கூடாது. சொல்லாமலே அந்த இடத்தைக் காட்ட வேண்டும். வெறும் அலங்காரப் படமென்றால் ஸ்கிரீன் ரீடர் அதைத் தாண்டிப் போகும்படி விளக்கத்தை வெறுமையாக விட வேண்டும். தோழிக்கு உங்கள் மகள் எழுதிக் கொடுத்த விளக்கங்களில் ஒன்றைக் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள். நீங்கள் அதைக் குறையாகக் காட்ட அனுப்பினீர்கள். எனக்கு அது அவளுடைய தகுதிச் சான்றாகத் தெரிந்தது.

தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இங்கே தனித் தேவை இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடங்களை ஸ்கிரீன் ரீடர் பொருளற்ற எழுத்துக் குப்பையாகத்தான் வாசிக்கும். அவற்றை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு வரியையும் பிழைதிருத்த ஆள் வேண்டும். ஆங்கில நூலுக்குள் தமிழ் மேற்கோள் வந்தால் அது தமிழ் என்று கோப்பில் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் அதைச் சிதைத்துவிடும்.

"இது சேவைதானே, சம்பளம் வருமா?" என்று மாமா கேட்பார். அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக 1996-இல் தொடங்கிய டெய்சி என்ற உலகக் கூட்டமைப்பின் பேசும் நூல்களிலிருந்து வளர்ந்த துறை இது. மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்த முடிவதைத்தான் அணுகல்தன்மை என்கிறார்கள்; ஈபப் நூல்களுக்கான அந்த விதிமுறையின் 1.1 பதிப்பு 2023-இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் முறையான பரிந்துரையானது. அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக 2013-இல் உருவான மராகேஷ் உடன்படிக்கை 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, மின்னூல்களும் அதில் அடக்கம். சட்டமே கேட்பதால் இதற்கு ஆள் தேவைப்படுகிறது: பதிப்பகங்கள், அவற்றுக்குக் கோப்புகளைத் தயாரித்துத் தரும் நிறுவனங்கள், பல்கலைக்கழகங்களின் மாற்றுத்திறனாளி உதவி மையங்கள், இணையவழிப் பாட நிறுவனங்கள் என வேலை தரும் இடங்கள் பல.

எல்லாம் இனிப்பாக இருக்காது. தொடக்கத்தில் பக்கக் கணக்கில் கூலி தரும் இடங்களும் உண்டு, அங்கேயே தங்கிவிடக் கூடாது. மென்பொருள் நிறுவனத்தின் முதல் சம்பளத்தோடு ஒப்பிட்டு வருந்தவும் கூடாது. பட விளக்கமும் கணிதமும், முடிந்த கோப்பைச் சோதித்துக் குறை சொல்லும் தணிக்கையும் கைவந்தவர்களுக்கே அடுத்தபடி. படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று கருவி சொல்லிவிடும். அந்த விளக்கம் பாடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, பாடம் புரிந்த ஆள்தான் வேண்டும். தானாக எழுதும் மென்பொருள்கள் வந்த பிறகும் அந்தச் சரிபார்ப்பு வேலை ஒழியவில்லை.

படிப்பு? மொழி, நூலகவியல், சிறப்புக் கல்வி, சாதாரணக் கணினிப் பட்டம், எதுவானாலும் சரி. வீட்டுக்கு அருகில் குறைந்த கட்டணத்தில் எது கிடைக்கிறதோ அதில் அவளுக்குப் பிடித்ததைச் சேருங்கள். கூடவே இணையப் பக்கங்களையும் ஈபப் நூல்களையும் எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல் கற்கட்டும். வேலை உறுதி என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையம் எதற்கும் ஒரு காசு கொடுக்காதீர்கள். கோப்பைத் திருத்த சிகில், படித்துப் பார்க்கத் தோரியம், சோதிக்க டெய்சியின் ஏஸ், எல்லாமே இலவசம். சி.பி.ஏ.சி.சி. என்ற அணுகல்தன்மைச் சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது, அதைக் கொஞ்சம் அனுபவம் வந்தபின் எழுதலாம்.

இந்த விடுமுறையில் அவள் ஒரு வேலை செய்யட்டும். யாரும் எடுத்து மாற்றலாம் என்ற திறந்த உரிமத்தில் கிடைக்கும் பாடநூல் ஒன்றிலிருந்து படங்களும் அட்டவணையும் உள்ள ஓர் அத்தியாயத்தை எடுத்து ஈபப் ஆக்கட்டும். அந்தத் தோழியே அதைச் சோதித்துச் சொல்லட்டும், சோதித்ததற்கு ஒரு தொகையும் பெற்றுக்கொள்ளட்டும், ஏனென்றால் அதுவும் இந்தத் தொழிலில் ஒரு வேலைதான். செய்து முடித்த பிறகும் அவளுக்கு இதில் விருப்பம் இருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள். இல்லை என்றால் நானும் வற்புறுத்த மாட்டேன், வேறு வழி பார்ப்போம்.

அதுவரை அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், கல்லூரிக்கு முன்பணமும் கட்டாதீர்கள். அத்தியாயம் முடிந்ததும் கோப்பையும் ஏஸ் தரும் அறிக்கையையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பட விளக்கங்களை வரிவரியாகப் படித்து அவளுக்கே பதில் எழுதுகிறேன்.