பழைய கோலி சோடா பாட்டிலை எப்படிப் பார்த்து வாங்குவது?

மதுரை, விருதுநகர் வட்டாரத்துக் கோலி சோடா பாட்டில்களின் வரலாற்றையும், வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் கேட்டிருக்கிறீர்கள்.

இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற பாட்டில் இது. தலைகீழாகப் பிடித்து நிரப்பும்போது கழுத்துக்கு இறங்கும் கோலியை, உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமே வாயிலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி அடைத்துவிடுகிறது. கழுத்தில் இருக்கும் இரண்டு பள்ளங்கள், ஊற்றும்போது கோலி மறுபடி வந்து வாயை மூடாமல் தடுப்பதற்காக அமைந்தவை.

விருதுநகரில் 1916-இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் இன்று பவண்டோவால் அறியப்படுகிறது. இத்தகைய பெரிய பெயர்களோடு, ஊருக்கு ஊர் சிறிய சோடா கம்பெனிகளும் இருந்தன. என் பார்வையில் சேகரிக்கச் சுவையானவை இவையே. காலிப் பாட்டில் உரியவரிடமே திரும்ப வேண்டும் என்பதால் கம்பெனிப் பெயரைக் கண்ணாடியிலேயே புடைப்பெழுத்தாக வார்ப்பது வழக்கம்.

நெடுநாள் மரப்பெட்டியில் உரசிய பாட்டிலின் தோளிலும் அடியிலும் வெளிறிய தேய்மானம் வளையமாகத் தெரியும், எழுத்தின் விளிம்புகளும் மழுங்கியிருக்கும். எல்லாம் பளிச்சென்று கூர்மையாக இருந்தால் புது வார்ப்போ என்று சந்தேகிக்கலாம். ரப்பர் வளையம் இல்லாதது பெரிய குறையல்ல. கோலிக்காகவே பாட்டிலை உடைத்த சிறுவர்களால் (அவர்களைக் குறை சொல்ல முடியுமா!) முழுதாகத் தப்பியவை குறைவு என்பதால், வாய் விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.