முகவரியில் கேள்விக்குறி உள்ள பக்கங்களை ஸ்க்விட் சேமிக்க மறுக்கிறது, என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் தளத்துக்கு முன்னால், பக்கங்களின் பிரதியைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் இடைநிலை சர்வரான ஸ்க்விட் ப்ராக்ஸி நிற்கிறது. படங்களும் ஸ்டைல் ஃபைல்களும் அதன் கேஷிலிருந்து (சேமிப்பிலிருந்து) வருகின்றன. டேட்டாபேஸைக் கேட்டு உருவாகும் பிஎச்பி பக்கங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் பின்னால் உள்ள சர்வருக்கே போகின்றன. பக்கத்தோடு வரும் ஹெடர்களை (குறிப்பு வரிகளை) மீறச் சொல்லும் ஆப்ஷன்களைப் போட்டு ஸ்க்விட்டைக் கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். இக்னோர்-ப்ரைவேட், ஓவர்ரைட்-எக்ஸ்பயர் போன்றவற்றைப் போட்டால் ஹிட் கணக்கு (கேஷிலிருந்தே பதில் போகும் எண்ணிக்கை) உடனே ஏறும், உண்மைதான். ஆனால் ஒருவருடைய கணக்குப் பக்கம் இன்னொருவருக்குப் போகும் வழியும் அதே வரியில் திறந்துவிடுகிறது. பக்கத்தை உருவாக்கும் ப்ரோகிராமுக்குத்தான் அது எல்லோருக்கும் பொதுவானதா, எவ்வளவு நேரம் செல்லும் என்பது தெரியும். அதைச் சொல்லவேண்டிய பொறுப்பும் அதனுடையதே. இந்த வேலையில் பாதிக்கு மேல் ப்ராக்ஸிக்கு வெளியேதான் நடக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கான்ஃபிக் ஃபைலைப் பாருங்கள். முகவரியில் கேள்விக்குறியோ சிஜிஐ-பின் (ப்ரோகிராம்கள் இருக்கும் ஃபோல்டர்) என்பதோ இருந்தால் கேஷ் செய்யாதே என்று சொல்லும் 'கேஷ் டினை க்வெரி' வரி அதில் இருக்கலாம். பழைய பதிப்புகளின் இயல்பான கான்ஃபிகில் இது இருந்தது, 2.7, 3.1 பதிப்புகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பழைய ஃபைலை அப்படியே கொண்டுவந்தவர்களிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். இருந்தால் நீக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக வந்த ரெஃப்ரெஷ் பேட்டர்ன் வரி (பிரதி எவ்வளவு நேரம் செல்லும் என்பதற்கான விதி), அதே கேள்விக்குறி முகவரிகளுக்கு 0, 0%, 0 என்று மூன்று மதிப்புகள் தரும். பக்கம் தன் ஆயுளைத் தானே சொன்னால் மதிக்கலாம், சொல்லாவிட்டால் ஸ்க்விட் ஊகிக்கக் கூடாது என்பதே அதன் பொருள். நல்ல விதி, தொடாதீர்கள். எல்லா முகவரிக்கும் பொருந்தும் பொதுவான புள்ளி (.) பேட்டர்னுக்கு மேலே அது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஏனென்றால் முதலில் பொருந்தும் வரிதான் செல்லும்.

இனி பிஎச்பி பக்கம். அது அனுப்பும் ஹெடர்களை ஒருமுறை கர்ல் என்ற கட்டளையை வைத்துப் பாருங்கள். எக்ஸ்பயர்ஸ் ஹெடரில் 1981 நவம்பர் 19 என்ற தேதி இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. செஷனை (பார்வையாளரை நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை) தொடங்கியதுமே பிஎச்பி அந்தப் பழைய தேதியையும், கூடவே நோ-ஸ்டோர், நோ-கேஷ் இரண்டையும் தானாகச் சேர்த்துவிடும். நீங்கள் எங்கேயும் எழுதியிருக்க மாட்டீர்கள், அதனால் எவ்வளவு தேடினாலும் உங்கள் கோடில் கிடைக்காது. பல தளங்களில் எல்லாப் பக்கங்களும் சேர்த்துக்கொள்ளும் பொது ஃபைலின் முதல் வரியிலேயே செஷன் தொடங்குகிறது. யாரும் லாகின் செய்யாவிட்டாலும் எல்லாப் பக்கமும் "சேமிக்காதே" என்ற முத்திரையோடு வெளியே போகிறது.

வந்த ரிக்வெஸ்டில் செஷன் குக்கி இருந்தால் மட்டும், அல்லது லாகின் பக்கத்தில் மட்டும், செஷனைத் தொடங்குங்கள். குக்கி இல்லாமல் வருபவர்களுக்கான பக்கத்தில் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் பப்ளிக், எஸ்-மேக்ஸ்ஏஜ்=60, மேக்ஸ்-ஏஜ்=0 என்று அனுப்புங்கள். எஸ்-மேக்ஸ்ஏஜ் என்பது ப்ராக்ஸி போன்ற பொதுக் கேஷ்களுக்கு மட்டுமானது. பிரௌசர் ஒவ்வொரு முறையும் ப்ராக்ஸியிடம் வந்து கேட்கும், ப்ராக்ஸி ஒரு நிமிடத்துக்கு ஒருமுறைதான் பின்னால் போகும். 60 விநாடி குறைவு என்று நினைக்காதீர்கள். ஒரு பக்கத்தை விநாடிக்கு 20 பேர் கேட்டால், ஒரு நிமிடத்தில் 1,200 முறை ஓடவேண்டிய டேட்டாபேஸ் க்வெரி ஏறக்குறைய ஒருமுறை ஓடுகிறது.

லாகின் செய்தவர்கள் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. அவர்கள் பக்கத்துக்கு ப்ரைவேட் என்று அனுப்பினால் அது சேமிக்கப்படாது, சரி. ஆனால் ஸ்க்விட் தானாகக் குக்கியைப் பார்த்துப் பிரதிகளைப் பிரிப்பதில்லை. முகவரி ஒன்றாக இருந்தால், ஏற்கெனவே சேமித்த பொதுப் பிரதியை லாகின் செய்தவருக்கும் கொடுத்துவிடும். அவருக்கோ லாகின் போய்விட்டதுபோலத் தெரியும். அதனால் ஸ்க்விட்டில் ரெக்-ஹெடர் வகை ஏசிஎல் (வந்த ரிக்வெஸ்டின் ஹெடரைச் சோதிக்கும் நிபந்தனை) ஒன்றை எழுதி, குக்கி ஹெடரில் உங்கள் செஷன் பெயர் இருந்தால் கேஷ் டினை என்று போடுங்கள். பிஎச்பியில் அந்தப் பெயர் இயல்பாக பிஎச்பிசெஸ்ஐடி.

இவ்வளவு செய்தும் மிஸ்ஸே (கேஷில் இல்லை என்பதே) வருகிறதா? மினிமம் எக்ஸ்பைரி டைம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, இயல்பு மதிப்பு 60 விநாடி. லாஸ்ட்-மாடிஃபைட் போல மறுபடி சரிபார்க்க உதவும் ஹெடர் எதுவும் இல்லாத பக்கத்தின் ஆயுள் அதைவிடக் குறைவாக இருந்தால் ஸ்க்விட் சேமிக்காது. 30 விநாடி கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மதிப்பை 0 ஆக்கலாம். முடிந்தால் உண்மையான லாஸ்ட்-மாடிஃபைட் தேதியை அனுப்புங்கள், அதுதான் நல்ல வழி.

ஸ்க்விட்டின் லாகை (பதிவு ஃபைலை) படிக்கும்போதும் கவனம். கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதை ஸ்க்விட் இயல்பாகவே வெட்டிவிட்டுத்தான் எழுதும். ஒரே முகவரி திரும்பத் திரும்ப மிஸ் ஆவதுபோல் தெரிந்தாலும், விளம்பர இணைப்புகள் ஒட்டிவிட்ட யுடிஎம் வால்களால் (எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று காட்டும் குறிப்புகளால்) அவை வெவ்வேறு முகவரிகளாக இருக்கலாம். ஸ்ட்ரிப் க்வெரி டெர்ம்ஸ் என்பதைச் சோதனை முடியும்வரை ஆஃப் செய்து பாருங்கள். அதில் பார்வையாளர்களின் தனிப்பட்ட விவரமும் வெளிப்படும், எனவே வேலை முடிந்ததும் மறுபடி ஆன் செய்துவிடுங்கள்.

அப்புறம், கூட்டம் அதிகமான தளம் என்றால் கொலாப்ஸ்டு ஃபார்வர்டிங்கையும் ஆன் செய்யுங்கள் (3.5 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்). பிரதி காலாவதியாகும் நொடியில் நூறு பேர் சேர்ந்து வந்தாலும் பின்னால் போவது ஒரே ரிக்வெஸ்ட்தான். மற்றவர்கள் அந்தப் பதிலுக்காகக் காத்திருப்பார்கள்.