கடலூரிலிருந்து பொது வரலாறு படிக்க என்ன வழி?

பிளஸ் டூ முடித்த தங்கை, அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம், மரபு நடை (பழமையான இடங்களை நடந்தே சுற்றிக் காட்டுவது) போன்ற வேலைகளுக்கு எந்தப் பட்டம் எடுப்பது என்று கேட்டிருக்கிறார். வரலாற்றைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்க்கும் இந்த வேலைகளைத்தான் பொது வரலாறு (public history) என்கிறோம். அந்தப் பெயரிலேயே பட்டம் தேட வேண்டாம். கடலூர் பெரியார் கலைக் கல்லூரியிலோ புதுச்சேரியிலோ பி.ஏ. வரலாறு சேருங்கள், போதும்.

ஆனால் முதல் ஆண்டிலேயே பிரெஞ்சு கற்கத் தொடங்கிவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். புதுச்சேரியின் காலனி கால ஆவணங்களில் பெரும்பகுதி பிரெஞ்சில்தான் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பிரெஞ்சு ஆளுநருக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பை அவற்றோடு ஒப்பிட்டுப் படிக்கிறவர்கள் குறைவு. புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகத்துக்கும் போய்ப் பாருங்கள்.

விடுமுறையில் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் போங்கள். ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை இருந்த இடம் அது. 2004 சுனாமியைப் பார்த்த பெரியவர்களும் அங்கே இருக்கிறார்கள். அனுமதி கேட்டு, அவர்கள் பேச்சைப் பதிவு செய்து, தேதியோடு எழுதி வையுங்கள். மதிப்பெண் பட்டியலைவிட இந்தக் கோப்புதான் உங்களைப் பற்றி அதிகம் பேசும் (புதுச்சேரி அருகே பழங்காலத் துறைமுகம் இருந்த அரிக்கமேட்டையும் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்).

அப்புறம் முதுகலை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் வரலாறு எடுக்கலாம், இல்லையென்றால் வெளியூரில் அருங்காட்சியகவியல்.